கேஸ் காரும் ஒரு ரப்பர் வளையமும்

கேஸ் என்றதும் நம்ம ஊரில் சமையலறை சிலிண்டர்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் கேஸ் என்றால் பெட்ரோல். ஆனால் அங்கேயே ரிமோட் கண்ட்ரோல் கார் விற்கும் கடைக்குப் போய் 'கேஸ் கார்' என்று கேட்டால், பல சமயம் எடுத்துத் தருவது பெட்ரோலில் ஓடாத கார்! அதற்கு நைட்ரோ கார் என்று இன்னொரு பெயர். இந்தப் பெயர்க் குழப்பத்தை நம்பி, பெட்ரோல் பங்கிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துவந்து ஊற்றி, கை வலிக்க கயிறு இழுத்து, கடைசியில் கார் கிளம்பவே இல்லை என்று உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர்.

சரி, கதைக்கு வருவோம்.

ஓஹாயோவில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயது. கோடை முழுக்க அக்கம்பக்கத்து வீடுகளில் புல் வெட்டிச் சேர்த்த காசில் ஒரு பழைய நைட்ரோ காரை வாங்குகிறான். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார், உள்ளே 2.5 சிசி எஞ்சின். பார்த்தால் எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டும். வீட்டில் நிற்கும் நிஜக் கார் 6,000-ஐத் தொட்டாலே அலறும்.

பழைய கார் வாங்குபவனுக்கு எஞ்சினோடு இலவசமாக வருவது முந்தைய ஓனர் செய்துவைத்த தப்புகள். அதை அவன் அப்போது யோசிக்கவில்லை. பதினாறு வயதில் யார்தான் யோசிப்பார்கள்?

முதலில் அந்த எரிபொருள் என்னவென்று பார்த்துவிட வேண்டும். அது புரியாமல் மேலே போனால் ஒன்றும் விளங்காது. நைட்ரோ எரிபொருளில் மூன்று சமாச்சாரங்கள். பெரும்பங்கு மெத்தனால். அதோடு 10 முதல் 30 சதவீதம் வரை நைட்ரோமீத்தேன். மீதி எண்ணெய், அதாவது விளக்கெண்ணெயோ, செயற்கை எண்ணெயோ, இரண்டும் கலந்ததோ. ஆமாம், சாட்சாத் அதே ஆமணக்கு விளக்கெண்ணெய்தான். அதிகச் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் குணம் அதற்கு உண்டு. இந்தக் கார்கள் ஓடும் இடத்தில் வரும் அந்த வாசனைக்கும் அதுதான் காரணம். பிடித்தவர்களுக்கு அது பூஜையறை வாசம் மாதிரி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வேறு மாதிரி :-)

இந்த எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ஸ்பார்க் பிளக்குக்குப் பதில் க்ளோ பிளக். உள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு சின்ன கம்பிச் சுருள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் 1.5 வோல்ட் பேட்டரி வைத்து அதைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டதும் நடக்கும் வேதிவினையும், முந்தைய எரிப்பின் சூடும் சேர்ந்து கம்பியைச் சிவப்பாகவே வைத்திருக்கும். 1940களின் பின்பகுதியில் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மாடல் விமானங்களிலிருந்து கனமான பேட்டரியும் காயிலும் இறங்கின. பெட்ரோல் ஊற்றினால் ஏன் ஓடாது என்பதும் இதிலேயே இருக்கிறது. பெட்ரோலுக்கும் பிளாட்டினத்துக்கும் அந்த ராசி கிடையாது. அதோடு வெறும் பெட்ரோலில் எண்ணெயும் கிடையாது. ஒருவேளை ஓடித் தொலைத்தாலும் எஞ்சின் பிழைக்காது.

இப்போது முக்கியமான இடம். இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் டேங்க் இல்லை. ரேடியேட்டர் இல்லை. தலையில் அலுமினியத் துடுப்புகள் இருக்கின்றன, காற்று படும், அவ்வளவே. மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குளிர்ச்சிதான் எஞ்சினை உள்ளிருந்து காப்பாற்றுகிறது. ஆக, டியூப் வழியாக வரும் அந்த ஒரே திரவம்தான் உணவு, தண்ணீர், எண்ணெய் மூன்றும். அது குறைந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் குறையும். நிஜக் காரில் பெட்ரோல் வரத்து குறைந்தால் கார் திணறும், அவ்வளவுதான். இதிலோ எரிபொருள் குறைந்தால் எஞ்சின் வறண்டு போகிறது.

கொடுமை என்னவென்றால், வறளும்போதுதான் அது அருமையாக ஓடும்!

எரிபொருள் அதிகமாகப் போனால் அதற்கு ரிச் என்று பெயர். புகை தள்ளும், குளுகுளு என்று சத்தம் வரும், மந்தமாக இழுக்கும். குறைவாகப் போனால் லீன். சத்தம் கூர்மையாகும், கார் அம்பு மாதிரிப் பாயும், புகை மெலியும். ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகினால் வேகம் கூடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை போகும். அந்த ஆகஸ்ட் மாதத்தில் பையன் செய்ததும் இதுதான். பள்ளிக்கூட கார் பார்க்கிங்கில், லீவு நாளில், பயல்கள் வாய் பிளந்து பார்க்க, காரின் பின்னால் புகையே இல்லாமல் பறக்கவிட்டான். முழு வேகத்தில் போகும்போது பின்னால் மெல்லிசாக ஒரு நீலப் புகைக் கோடு தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் ஆயுளைச் செலவு செய்து ஓடுகிறது என்று அர்த்தம். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பானா என்பது சந்தேகம்தான்.

கார்புரேட்டரில் மூன்று ஸ்க்ரூக்கள் உண்டு. ஒன்று ஹை ஸ்பீட் ஊசி, முழு வேகத்தில் எவ்வளவு எரிபொருள் என்பதற்கு. இரண்டாவது லோ ஸ்பீட் ஊசி, நின்ற நிலையிலிருந்து கிளம்புவதற்கு. மூன்றாவது ஐடில் ஸ்க்ரூ, காற்று வழி எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதற்கு. எப்போதும் ஹை ஸ்பீடை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் லோ ஸ்பீடுக்கு வர வேண்டும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. திருகியதும் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த திருகல். இதெல்லாம் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு. குளிர்ந்த எஞ்சினை ட்யூன் செய்வது, தூங்குபவனிடம் யோசனை கேட்பது மாதிரி.

லோ ஸ்பீட் ஊசிக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, கார்புரேட்டருக்குப் பக்கத்தில் எரிபொருள் டியூப்பை விரலால் நசுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடி ஓடி, லேசாகச் சத்தம் ஏறி, பிறகு அணைந்தால் சரி. நசுக்கியவுடனே செத்தால் லீன். ரொம்ப நேரம் ஓடி, சத்தம் எகிறி எகிறி அப்புறம் நின்றால் ரிச். பைசா செலவில்லாத சோதனை. சூட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் இரண்டு மூன்று விநாடி கொதித்து ஆவியாக வேண்டும். சுர்ர் என்று பட்டவுடன் மறைந்தால் உடனே நிறுத்துங்கள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காசு இருந்தால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி க்ளோ பிளக் பக்கம் காட்டலாம். பொதுவாக 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை என்பார்கள். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ட்யூன் செய்பவர்கள், காய்ச்சல் இல்லை என்பதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் டாக்டர் மாதிரி. புகையையும் சத்தத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் வந்தது. ஓஹாயோவில் காலைகள் குளிர ஆரம்பித்துவிட்டன. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே துளை வழியாக அதிக ஆக்சிஜன் உள்ளே போகும். அதற்கேற்ற எரிபொருளைக் கூட்டாமல் விட்டால் ஆகஸ்டில் சரியாக இருந்த செட்டிங் அக்டோபரில் லீன் ஆகிவிடும். பையனின் செட்டிங்கோ ஆகஸ்டிலேயே லீன்.

கார் புதுசாக ஒரு வியாதியைக் காட்டியது. டேங்க் நிரப்பியதும் நன்றாக ஓடும். பாதி டேங்க் காலியானதும் சத்தம் தானாக ஏறும். ரிமோட்டில் விரலை எடுத்தாலும் எஞ்சின் உடனே அடங்காமல், ஊஊஊ என்று தொங்கிக்கொண்டே இருந்து மெதுவாக இறங்கும். அப்புறம் பார்க்கிங்கின் அந்தக் கோடியில் போய் நின்றுவிடும். எப்போதும் அந்தக் கோடியில்தான் நிற்கும், பக்கத்தில் நின்று தொலைக்காது.

அவன் ஸ்க்ரூவைத் திருகினான். ஹை ஸ்பீட் ஊசியை எட்டில் ஒரு சுற்று வெளியே. இப்போது டேங்க் நிறைந்திருக்கும்போது ரிச், குளுகுளு. பாதியில் மறுபடி லீன். இன்னும் வெளியே. முழு டேங்கில் எஞ்சின் மூச்சு முட்டி நின்றது, பாதி டேங்கில் அதே ஊஊஊ. உள்ளே, வெளியே, உள்ளே. லோ ஸ்பீட் ஊசியையும் தொட்டான். ஐடிலையும் தொட்டான். சாயங்காலத்துக்குள் மூன்று ஸ்க்ரூவும் எங்கே ஆரம்பித்தன என்றே தெரியாத நிலை. க்ளோ பிளக் இரண்டு மாற்றினான். ஒன்றின் கம்பி நெளிந்து மங்கிப்போயிருந்தது. அது நோய்க்குக் காரணமில்லை, அறிகுறி. லீனாக ஓடும் எஞ்சின் பிளக்கைத் தின்னும்.

அந்தப் பக்கம் மாடல் விமானம் பறக்கவிட வரும் ஒரு பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (இப்படி ஒருவர் எல்லா மைதானத்திலும் இருப்பார். மடக்கு நாற்காலி, தொப்பி, ஃப்ளாஸ்க்.) அவர் சொன்னது ஒரே வரி: "ஸ்க்ரூவைத் தொடாதே. எண்ணெய் போகிற வழியில் நீயும் போய்ப் பார்."

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. எரிபொருள் அளவைப் பொறுத்து எஞ்சினின் குணம் மாறினால் அது ஊசியின் குற்றமாக இருக்க முடியாது. ஊசி திறந்த அளவு முழு டேங்கிலும் அதேதான், பாதி டேங்கிலும் அதேதான். மாறுவது வேறு ஏதோ ஒன்று.

இந்தக் கார்களில் எரிபொருள் பம்ப் கிடையாது. சைலன்சர் குழாயிலிருந்து ஒரு மெல்லிய சிலிக்கான் டியூப் டேங்குக்குப் போகும். எஞ்சினின் புகை அழுத்தமே டேங்குக்குள் போய் எரிபொருளை அமுக்கித் தள்ளுகிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது திரவ மட்டம் உயரத்தில் இருப்பதால் அழுத்தம் கொஞ்சம் கசிந்தாலும் ஒப்பேற்றிவிடும். மட்டம் இறங்க இறங்க அழுத்தம்தான் வேலை செய்ய வேண்டும். அது எங்கேயோ ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தால் எஞ்சினுக்குப் பட்டினி. ஓட்டை குண்டூசி அளவு இருந்தால் போதும்.

வழி நெடுகப் பார்க்க வேண்டிய இடங்கள் சில. டியூப்பில் வெடிப்பு, மடிப்பு. எக்சாஸ்டில் பட்டு உருகிய இடம். ஓடும்போது எரிபொருள் டியூப்பில் குமிழிகள் போகின்றனவா என்பது. ஃபில்டரில் அடைத்த தூசி. கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் அடிப்பாகத்து ரப்பர் வளையம், பின்பக்க மூடியின் கேஸ்கெட், முன் பேரிங். இந்தக் கடைசி மூன்றில் கசிந்தால் எரிபொருள் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத லீன் அது. நிறையப் பேர் புது எஞ்சினைக்கூடப் பிரித்து, சூடு தாங்கும் சிலிக்கான் பசை தடவித்தான் மறுபடி மாட்டுகிறார்கள்.

பையன் டேங்கைக் கழற்றினான். டியூப்பை வாயில் வைத்து ஊதிப் பார்க்கப் போனான். பெரியவர் அதட்டியது அப்போதுதான்.

அந்த அதட்டலுக்குக் காரணம் இருக்கிறது. அந்த டேங்கில் இருந்தது மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். உடம்புக்குள் போனால் ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகி, முதலில் பார்வை நரம்பைத்தான் பிடிக்கும். தப்பிப் பிழைத்தவர்களிலும் கண் போனவர்கள் உண்டு. மிகக் கொஞ்ச அளவே போதும். தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். டியூப்பை வாயால் உறிஞ்சி எரிபொருள் வரவழைப்பது இந்தப் பொழுதுபோக்கில் பலருக்கும் இருக்கும் பழக்கம். மொபெட்டில் பெட்ரோல் உறிஞ்சிய பழக்கத்தோடு வருபவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மெத்தனால் எரியும்போது வெயிலில் சுவாலை கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. தீப்பிடித்த காரைத் தீப்பிடிக்காத கார் என்று நினைத்துத் தொட முடியும். விளையாட்டுச் சாமான் கடையில் விற்பதால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. ரப்பர் கையுறை, காற்றோட்டம், குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரி. இந்த மூன்றும் ஸ்க்ரூ ட்ரைவரை விட முக்கியம்.

வாய்க்குப் பதில் ஒரு சிரிஞ்சு. டேங்கைக் காலிசெய்து, ஒரு துளையை அடைத்து, இன்னொன்றில் சிரிஞ்சு மாட்டி, பக்கெட் தண்ணீரில் முக்கி, மெதுவாக அழுத்தினான். சைக்கிள் கடையில் டியூப்பில் பஞ்சர் பார்ப்பது மாதிரியேதான். டேங்க் மூடியின் ஓரத்தில் வரிசையாகக் குமிழிகள்... மூடிக்கு அடியில் இருந்த ஓ-ரிங் ஊறி உப்பி, ஒரு பக்கம் பிளந்திருந்தது. முந்தைய ஓனரின் சீதனம். வளையத்தின் விலை ஒரு காப்பிகூட வராது.

வளையம் மாற்றியாயிற்று. டேங்கை உலரவைத்து மாட்டி, மூன்று ஸ்க்ரூவையும் கம்பெனி சொன்ன ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, ரிச்சாகவே ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தான். பழைய பாட்டிலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது எரிபொருள். (மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி சரியாக மூடாமல் இரண்டு மாதம் வைத்திருந்த பாட்டிலை நம்பி ட்யூன் செய்வது வீண்.) இப்போது முழு டேங்கிலும் கால் டேங்கிலும் ஒரே சத்தம். பின்னால் அழகாக நீலப் புகைக் கோடு. விரலை எடுத்தால் உடனே அடங்கியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தானா? நினைத்தான். பதினைந்து நிமிடம்.

பெட்டியில் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இழுத்தான், கிளம்பவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு இழுத்தான், கிளம்பியது. சூடாக இருக்கும்போது நிறுத்தினால், சூடாக இருக்கும்வரை கிளம்பாது. அவன் மறுபடி ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தபோது பெரியவர் தலையை ஆட்டினார். ஃப்ளைவீலை விரலால் சுற்றிக் காட்டச் சொன்னார். நல்ல எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும் இடத்தில் ஒரு இறுக்கம் இருக்கும். இந்த எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் கிடையாது. ஸ்லீவின் மேல்பக்கம் மயிரிழை குறுகலாகக் கடைந்திருப்பார்கள். ஆறியிருக்கும்போது பிஸ்டன் அங்கே போய்ச் சிக்கும், சூடானதும் ஸ்லீவ் விரிந்து சரியான அளவுக்கு வரும். கம்ப்ரஷன் என்பதே அந்த மயிரிழைதான். புது எஞ்சின் அந்த இடத்தில் கீச்சென்று சத்தமே போடும். பையனின் எஞ்சினில் விரல் தடங்கலே இல்லாமல் சுற்றி வந்தது. இரண்டு மாதம் எண்ணெய் குறைவாக ஓடியதில் அந்த மயிரிழை தேய்ந்து போயிருந்தது. ஆறியிருக்கும்போது எப்படியோ பிடிக்கிறது. சூடானால் இடைவெளி விரிந்து கம்ப்ரஷன் போய்விடுகிறது.

கசிவு சரியானது உண்மை. எஞ்சின் போனதும் உண்மை. புது பிஸ்டனும் ஸ்லீவும் வாங்கினால் புது எஞ்சின் விலையில் பெரும்பகுதி வந்துவிடும். தேய்ந்த ஸ்லீவின் மேல்பக்கத்தை நெருக்கி இறுக்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கொஞ்ச நாளைக்கு ஓடும்.

நிஜமாகவே பெட்ரோலில் ஓடும் ரிமோட் கார்களைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் தலைப்புக்குத் துரோகம். இவை ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள பெரிய கார்கள். ஹெச்.பி.ஐ. கம்பெனியின் பாஹா 5பி ஒரு பிரபலமான உதாரணம். 23, 26 சிசி எஞ்சின்கள், ஸ்பார்க் பிளக் உண்டு, புல்வெட்டும் கருவி எஞ்சின்களின் ஒன்றுவிட்ட தம்பிகள். பெட்ரோலில் 2டி எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி. டிவிஎஸ் 50 ஓடிய வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தூக்கத்திலும் வரும். இவற்றின் வால்ப்ரோ மாதிரி கார்புரேட்டரில் பம்ப் உள்ளேயே இருக்கிறது. எஞ்சினின் அடிப்பெட்டி அழுத்தம் ஏறி இறங்குவதில் ஒரு மெல்லிய சவ்வு துடித்து எரிபொருளை இழுக்கும். அதனால் டேங்க் அழுத்தக் கதை இங்கே இல்லை. இங்கே வில்லன் எத்தனால். பெட்ரோலில் கலந்த எத்தனால் அந்தச் சவ்வையும் டியூப்பையும் நாளடைவில் விறைக்க வைக்கும். விறைத்த சவ்வு துடிக்காது. ஐடிலில் நன்றாக ஓடி, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் படுத்துவிடும். அப்போது ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாமல் சவ்வு செட்டை மாற்றிவிட வேண்டும். சீசன் முடிந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் வற்றவிட்டு வைக்க வேண்டும்.

நைட்ரோ கார்களுக்கு ஐரோப்பாவில் வேறு ஒரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. நைட்ரோமீத்தேன் வெடிமருந்து செய்யவும் உதவும் என்பதால், 2021 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்கள் லைசென்ஸ் இல்லாமல் வாங்க முடியாது. 25 சதவீதத்தில் ஓட்டிப் பழகியவர்கள் 16-க்கு இறங்கி எல்லா ஊசிகளையும் மறுபடி முதலிலிருந்து திருக வேண்டி வந்தது. இந்தப் பக்கம் பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வந்து, எந்த ஊசியும் இல்லாமல் இன்னும் வேகமாக ஓடுகின்றன. பொத்தானை அழுத்தினால் ஓடும் காரை விட்டுவிட்டு இந்த விளக்கெண்ணெய்ப் புகையைக் கட்டிக்கொண்டு அழ ஆள் இருக்கிறது என்பதே ஆச்சரியம்தான்.

பையன் அந்த எஞ்சினை விற்கவில்லை. அக்டோபர் கடைசியில், டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருந்ததை ஓட்டியே தீர்த்து, பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் நாலு சொட்டு ஆஃப்டர் ரன் எண்ணெய் விட்டு, ஃப்ளைவீலைப் பத்துச் சுற்றுச் சுற்றி வைத்தான். உள்ளே தங்கும் மிச்சம் மீதியும் ஈரமும் சேர்ந்து பேரிங்கைத் துருவாக்காமல் இருக்க அது. தேய்ந்த எஞ்சினுக்கு எதற்கு இந்த மரியாதை என்று பெரியவர் கேட்கவில்லை. பனிக்காலம் முடிந்து புல் வளர்ந்ததும் அவனுக்கு வேலை இருந்தது. அந்த வருஷம் முதல் சம்பளத்தில் வாங்கியது பிஸ்டனும் ஸ்லீவும். கூடவே ஓ-ரிங் ஒரு பாக்கெட்.